பழைய கணினியில் டேப் பேக்கப்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

என் மேசைக்கு வரும் பழைய டேப் டிரைவ்களில் (கணினிக் கோப்புகளைக் காந்த நாடாவில் நகலெடுத்துவைக்கும் கருவிகள்) பெரும்பாலானவை ஒரே புகாரோடுதான் வருகின்றன: "மென்பொருள் சரியில்லை." திறந்து பார்த்தால் மென்பொருள் பாவம், அது ஒரு தவறும் செய்திருக்காது. உள்ளே ரப்பர் உருளை கூழாகியிருக்கும், இல்லாவிட்டால் கேபிள் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கும், அதுவும் இல்லையென்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) யாரோ அந்த டிரைவை ஃபிளாப்பி என்று பதிந்துவைத்திருப்பார்கள். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலிலும் கையைக் கடிக்கும் வேலையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள்.

நான் பேசுவது முக்கியமாக ஃபிளாப்பி கேபிளில் தொங்கும் க்யூஐசி-80 வகை (அது ஒரு டேப் தரத்தின் பெயர்) டிரைவ்களைப் பற்றி. கொலராடோ ஜம்போ 250, ஐயோமெகா டேப் 250 போன்றவை. 250 என்பது விளம்பரக் கணக்கு. 307.5 அடி நீள டேப் உள்ள டிசி2120 கார்ட்ரிட்ஜில் (டேப் அடங்கிய பெட்டி) உண்மையில் 120 எம்பிதான் கொள்ளும். கோப்புகள் சுருங்கிப் பாதியாகிவிடும் என்ற நம்பிக்கையில் அந்த எண்ணைப் பெட்டியின் மேல் அச்சிட்டார்கள். 1995இல் வந்த டிராவன் வகையும் இதே குடும்பம்தான்: டிஆர்-1 என்றால் 400 எம்பி, டிஆர்-3 என்றால் 1.6 ஜிபி. எஸ்சிஎஸ்ஐ (பல கருவிகளை ஒரே கேபிளில் தொடராக மாட்டும் இணைப்பு முறை) டிரைவ்களுக்கும் பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் டிரைவ்களுக்கும் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்குமுன் இரண்டு நிபந்தனைகள். முக்கியமான தகவல் இருக்கும் டேப்பை, டிரைவ் நல்லது என்று உறுதியாகும்வரை உள்ளே போடக்கூடாது; சோதனைக்கு ஒரு வீணான டேப்பை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, மென்பொருள் "ஃபார்மட் செய்யவா?" என்று எத்தனை முறை கேட்டாலும், எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், பழைய டேப் உள்ளே இருக்கையில் "வேண்டாம்" என்ற பொத்தானைத்தான் தொட வேண்டும். கார்ட்ரிட்ஜின் மூலையில் எழுத்துத் தடுப்புச் சறுக்கி ஒன்று இருக்கும். அதைத் தடுக்கும் பக்கம் தள்ளிவிட்டால் இந்தப் பயமே வேண்டாம்.

அறிகுறி: மென்பொருளை நிறுவவே முடியவில்லை

*நிறுவும் ஃபிளாப்பியில் படிப்புப் பிழை வருகிறது.* முப்பது வருடத் தட்டு, வேறென்ன எதிர்பார்ப்பது? முதலில் ஃபிளாப்பி டிரைவின் தலையைத் துடையுங்கள். பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாக ஹார்ட் டிஸ்கில் தனித்தனி அடைவுகளில் நகலெடுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும். மூன்று டிரைவிலாவது முயலாமல் தட்டைக் கழித்துவிடாதீர்கள். படித்துவிட்டால் உடனே புதுத் தட்டில் நகலெடுத்து அதிலிருந்து நிறுவுங்கள்.

*விண்டோஸ் 95இல் பேக்கப் பட்டியலிலேயே இல்லை.* இருக்காது. வழக்கமான நிறுவலில் அது வராது. கண்ட்ரோல் பேனலில் நிரல்களைச் சேர்த்து நீக்கும் இடத்துக்குப் போய், விண்டோஸ் செட்டப் தாவலில், வட்டுக் கருவிகள் என்ற பிரிவுக்குள் பேக்கப்பைக் குறியிட வேண்டும். விண்டோஸ் 98இல் அதே தாவலில் சிஸ்டம் கருவிகள் பிரிவுக்குள் இருக்கும். விண்டோஸ் குறுந்தகடு கையில் வேண்டும்.

*பேக்கப் வந்துவிட்டது, ஆனால் டிரைவை ஏற்க மறுக்கிறது.* இங்கேதான் பலரும் ஒரு நாள் முழுவதையும் தொலைக்கிறார்கள். விண்டோஸ் 95உடன் வரும் பேக்கப், முதன்மை ஃபிளாப்பி கண்ட்ரோலரில் (ஃபிளாப்பியை இயக்கும் சில்லு) மாட்டிய க்யூஐசி-40, 80, 3010 டிரைவ்களையும், பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் கொலராடோ டிரைவ்களையும் மட்டுமே அறியும். டிராவன், க்யூஐசி-3020, எஸ்சிஎஸ்ஐ, வேகமூட்டும் அட்டையில் மாட்டியவை, இர்வின் டிரைவ்கள் ஆகிய எதையும் அது பார்க்காது. இவற்றில் ஒன்று உங்களுடையது என்றால் எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை; டிரைவோடு வந்த மென்பொருளைத் தேடுங்கள்.

*டாஸில் நிறுவி முடித்தபின், டேப்பைத் தொட்டதும் கணினி உறைகிறது, அல்லது டிஎம்ஏ (செயலியை விட்டுத் தகவல் நேராக நினைவகத்துக்குப் போகும் வழி) பஃபர் சிறிது என்று டாஸின் நினைவக நிரலான இஎம்எம்386 முறையிடுகிறது.* கான்ஃபிக் சிஸ் கோப்பைத் திறந்து, இஎம்எம்386 வரியின் முடிவில் டி=64 என்று சேருங்கள் (ஆங்கில எழுத்துத்தான்). மறுபடி இயக்கிப் பாருங்கள். இன்னும் உறைந்தால் இஎம்எம்386 வரியையே தற்காலிகமாக முடக்கிப் பாருங்கள். அப்போது ஓடினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது.

*விண்டோஸ் 3.1இலிருந்து 95க்கு ஏற்றிய கணினி.* பழைய பேக்கப் மென்பொருள் சிஸ்டம் ஐஎன்ஐ கோப்பில் தன் டிரைவர் வரியை விட்டுவிட்டுப் போயிருக்கும். புதிய டிரைவரும் அதுவும் ஒரே கண்ட்ரோலருக்காக அடித்துக்கொள்ளும். அந்தக் கோப்பின் 386 பகுதியில் டேப் தொடர்பான வரியின் முன்னால் அரைப்புள்ளி வைத்து முடக்குங்கள். அழிக்க வேண்டாம்.

என் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரின் மூல ஹார்ட் டிஸ்கில் நான் எதையும் நிறுவுவதில்லை. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் மாட்டும் ஐடிஇ இணைப்பியில் பொருத்திய ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையில் டாஸ் ஏற்றி அதிலிருந்துதான் சோதிக்கிறேன். அட்டையில் என்ன குழப்பம் நடந்தாலும் பத்து நிமிடத்தில் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

அறிகுறி: "டேப் டிரைவ் இல்லை" என்கிறது

முதலில் காதைக் கொடுங்கள். வீணான டேப்பைப் போட்டதும் டிரைவ் தானாக ஒருமுறை சுழன்று டேப்பின் தொடக்கத்தைத் தேட வேண்டும். கணினி எதுவும் சொல்லாமலே இது நடக்கும்.

*ஓசையே இல்லை.* மின்சாரம் போகவில்லை. பெரிய நான்கு முள் இணைப்பைக் கழற்றி மாட்டுங்கள். மல்ட்டிமீட்டரில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட் வரை வர வேண்டும். டேப்பைப் போட்டு மோட்டார் ஓடும்போதும் ஒருமுறை அளந்து பாருங்கள். சும்மா இருக்கையில் 12 காட்டிவிட்டு, மோட்டார் இழுத்ததும் 10க்கு விழும் பவர் சப்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அப்படியென்றால் பவர் சப்ளையை மாற்றுங்கள். டிரைவைத் தொட வேண்டாம்.

*ஓசை வருகிறது, கணினிக்குத் தெரியவில்லை, ஃபிளாப்பி விளக்கும் அணையாமல் எரிகிறது.* கேபிள் தலைகீழ். சிவப்புக் கோடு உள்ள ஓரம் ஒன்றாம் முள்ளின் பக்கம் வர வேண்டும். டேப் டிரைவில் அந்த எண் சில நேரம் பவர் இணைப்பின் பக்கமும் சில நேரம் எதிர்ப்பக்கமும் இருக்கும்; ஊகிக்காமல் பலகையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

*ஃபிளாப்பி நன்றாக ஓடுகிறது, டேப் மட்டும் இல்லை.* பயாஸுக்குள் போங்கள். பி டிரைவ் என்ற இடத்தில் "இல்லை" என்று இருக்க வேண்டும். டேப் டிரைவைப் பயாஸுக்கு அறிமுகப்படுத்தவே கூடாது. பேக்கப் மென்பொருள் இந்த டிரைவோடு பேசுவது ஒரு விசித்திரமான வழியில்: ஃபிளாப்பித் தலையை நகர்த்துவதற்கான துடிப்புகளை அனுப்பி, எத்தனை துடிப்பு என்ற எண்ணிக்கையைக் கட்டளையாக வைத்துக்கொள்கிறது. பயாஸ் அதை 1.2 எம்பி ஃபிளாப்பி என்று நினைத்துத் தானும் துடிப்பு அனுப்பினால் டிரைவ் குழம்பிப்போகும்.

அங்கே இருக்கும்போதே தேதியைப் பாருங்கள். 1980 என்றோ 1990 என்றோ காட்டினால் மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது; அதோடு பயாஸின் நினைவும் போய், ஃபிளாப்பி கண்ட்ரோலரே முடக்கப்பட்ட நிலைக்குத் திரும்பியிருக்கலாம். வட்ட பேட்டரி என்றால் சிஆர்2032 ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்தது. பலகையில் பற்றவைத்த நீல நிற உருளை பேட்டரி என்றால் அது கசிந்து பக்கத்துக் கம்பிகளை அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

*பயாஸ் சரி, இன்னும் இல்லை.* கேபிளில் நடுவே ஏழு கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கும். முறுக்குக்கு அப்பால் கடைசி முனையில் ஃபிளாப்பி. முறுக்குக்கு முன்னால் உள்ள நடு இணைப்பில் டேப். கணினியில் இரண்டு ஃபிளாப்பி இருந்தால் டேப்போடு வந்த மூன்றாம் இணைப்புள்ள சிறப்புக் கேபிள் வேண்டும். அது இல்லையென்றால் 5.25 அங்குல டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டேப்பை மாட்டுங்கள்.

*எல்லாம் சரி, ஆனாலும் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை.* ஃபிளாப்பி கண்ட்ரோலருக்கு ஐஆர்க்யூ 6 (செயலியைக் கூப்பிடும் கம்பி), டிஎம்ஏ 2, போர்ட் 3எஃப்0 (முகவரி) என்பது பிறவிச் சொத்து. வேறு எந்த அட்டையும் அதில் கை வைக்கக்கூடாது. சவுண்டு கார்டு, ஸ்கேனர் அட்டை, நெட்வொர்க் அட்டை எல்லாவற்றையும் உருவிவிட்டு, வீடியோ அட்டையோடு மட்டும் டாஸில் இயக்கிப் பாருங்கள். தெரிந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி யாரென்று கண்டுபிடிக்கலாம். விண்டோஸ் 95இல் மட்டும் தகராறு என்றால், விண்டோஸின் சிஸ்டம் அடைவுக்குள் ஐஓசப்சிஸ் என்ற அடைவில் ஹெச்எஸ்ஃப்ளாப் என்ற பிடிஆர் கோப்பின் பெயரை மாற்றிவைத்து மறுபடி இயக்கிப் பாருங்கள். வேகம் குறையும். ஆனால் பிழை விண்டோஸ் டிரைவரிலா வெளியிலா என்று புரிந்துவிடும்.

*க்யூஐசி-80 தெரிகிறது, டிஆர்-3 தெரியவில்லை.* பழைய 386, 486 கணினிகளின் ஐஓ அட்டையில் (ஃபிளாப்பி, ஹார்ட் டிஸ்க் முதலியவற்றை மாட்டும் அட்டை) உள்ள ஃபிளாப்பி கண்ட்ரோலர் நொடிக்கு 500 கிலோபிட் வரைதான் போகும். டிஆர்-3 டிரைவ் 1 அல்லது 2 மெகாபிட் கேட்கும். இன்டெல் 82077 வகை சில்லு உள்ள அட்டை 1 மெகாபிட் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் டிரைவோடு தனியாக விற்ற வேகமூட்டும் அட்டை தேவை. செலவு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

*பிரிண்டர் போர்ட் டிரைவ்.* பயாஸில் போர்ட்டின் பாங்கை ஈசிபி, ஈபிபி, இருவழி என்று மாற்றி மாற்றி ஒவ்வொன்றிலும் முயலுங்கள். யூஎஸ்பி-பிரிண்டர் மாற்றிகள் பிரிண்டருக்கு மட்டுமே பயன்படும்; டேப்புக்கு உதவாது. அதேபோல யூஎஸ்பி ஃபிளாப்பியை உடைத்து அதன் கேபிளில் டேப் டிரைவை மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் ஒன்றுதான்: முடியாது. பழைய மதர்போர்டு ஒன்றைத் தேடுவது தவிர வழியில்லை.

*எஸ்சிஎஸ்ஐ.* எண் மோதல், டெர்மினேட்டர் (கேபிளின் கடைசி முனையில் வரும் முடிப்பான்), டாஸ் என்றால் ஏஎஸ்பிஐ என்ற எஸ்சிஎஸ்ஐ டிரைவர். பத்தில் ஒன்பது தடவை டெர்மினேட்டர்தான்.

அறிகுறி: மோட்டார் ஓடும் ஓசை கேட்கிறது, டேப் நகரவில்லை

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

சிவகாசி பக்கத்து அச்சகம் ஒன்றிலிருந்து பெரியவர் ஒருவர் நான்கு கார்ட்ரிட்ஜ்களை வேட்டி மடிப்புபோல ஒரு துணியில் சுற்றி எடுத்துவந்தார். "தம்பி, எங்கள் பழைய காலண்டர் வடிவமைப்பெல்லாம் இதில்தான் இருக்கிறது. மென்பொருளை மூன்று முறை நிறுவியாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை" என்றார். "அண்ணாச்சி, டிரைவுக்குள் விரலை விட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டிரைவின் மேல்மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றி, கார்ட்ரிட்ஜ் நுழையும் வாயின் ஓரத்தில் உள்ள சிறு உருளையைக் காட்டினேன். அவரே தொட்டார். விரல் நுனியில் கறுப்பாக, வெயிலில் இளகிய தார்போல ஒட்டிக்கொண்டு நூலாக இழுத்தது. துணியில் துடைத்தார். போகவில்லை.

டேப்பை ஓட்டுவது அந்த உருளைதான். அது கார்ட்ரிட்ஜில் உள்ள ஒரு சக்கரத்தை உரசித் திருப்ப, அந்தச் சக்கரம் உள்ளிருக்கும் மெல்லிய பட்டையை இழுக்க, பட்டை டேப்பின் இரண்டு சுருள்களையும் சுழற்றுகிறது. உருளையின் ரப்பர் வயதாக ஆக இளகும். எந்த நிறுவனத்தின் டிரைவ் என்பதெல்லாம் இதில் பொருட்டில்லை. அந்தக் காலத்து ரப்பருக்கு அதுதான் விதி. மென்பொருளுக்குத் தெரிவதெல்லாம் டேப் நகரவில்லை என்பதுதான். ஆகவே டேப் இல்லை என்றோ டிரைவ் பழுது என்றோ வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

சோதனை எளிது. கார்ட்ரிட்ஜ் போடாமல் விரலால் உருளையை அழுத்துங்கள். ஒட்டினாலோ நகக்குறி விழுந்து அப்படியே நின்றாலோ ரப்பர் போய்விட்டது. கடினமாகி வெடித்திருந்தாலும் பயனில்லை. அது உரசாமல் வழுக்கும்.

மாற்றுவது எப்படி: மரக்குச்சியால் கூழைச் சுரண்டுங்கள். மீதியை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தெடுங்கள். கீழே உள்ள உலோகத் தண்டு பளிச்சென்று தெரிய வேண்டும். அதன் மேல் இறுக்கமாக உட்காரும் சிலிகான் குழாய்த் துண்டைச் செருகுங்கள். குழாயின் வெளிவிட்டம் பழைய ரப்பரின் விட்டத்தோடு கூடுமானவரை ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் விட்டம் மாறினால் டேப் ஓடும் வேகமும் மாறும். அளவு மிகவும் தவறினால் டேப் ஓடும், ஆனால் எதையும் படிக்காது. உருகிப்போன ரப்பரை எப்படி அளப்பது? அதே வகையில் இன்னொரு டிரைவ் கிடைத்தால் அதில் அளங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று தடிமனில் குழாய் வாங்கி, வீணான டேப்பில் மாற்றி மாற்றிப் படித்துப் பார்ப்பதுதான். எனக்கும் அப்படித்தான் அமைந்தது, மூன்றாவது குழாயில்.

கூழ் சிதறி கார்ட்ரிட்ஜின் சக்கரத்திலும் ஒட்டியிருக்கும். அதையும் துடையுங்கள். இல்லாவிட்டால் புது உருளை முதல் நாளே அழுக்காகிவிடும்.

*உருளை நல்லது, இருந்தும் டேப் நகரவில்லை.* கார்ட்ரிட்ஜைக் கண்ணாடிப் பக்கமாகப் பாருங்கள். உள்ளே பட்டை தளர்ந்து கிடக்கிறதா, அறுந்து ஓரத்தில் சுருண்டிருக்கிறதா? அறுந்திருந்தால் அந்தக் கார்ட்ரிட்ஜை இனி எந்த டிரைவிலும் போடக்கூடாது. பட்டையை இன்னொரு கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்து மாற்றலாம், வீணான டேப்பில் பழகிய கைக்கு முடியும். முக்கியமான டேப்பில் முதல் முயற்சி வேண்டாம். இன்னொரு தொல்லையும் உண்டு. பல வருடம் அசையாமல் கிடந்த பட்டை, டேப்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். திடீரென இழுத்தால் காந்தப் பூச்சையே உரித்துக்கொண்டு வரும். அதனால் பழைய கார்ட்ரிட்ஜை டிரைவில் போடுமுன் அதன் சக்கரத்தை விரலால் கால் சுற்று, அரைச் சுற்று என்று மெதுவாக உருட்டிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அறிகுறி: டேப் ஒரு பக்கச் சுருளிலிருந்து முழுக்கக் கழன்றுவிட்டது

ஆடியோ கேசட்டில் டேப்பின் முனை சக்கரத்தில் மாட்டப்பட்டிருக்கும். இதில் அப்படி இல்லை. வெறும் சுற்றின் பிடியில்தான் நிற்கிறது. முனை நெருங்குகிறது என்பதை டேப்பில் உள்ள சிறு துளைகளின் வழியே வரும் ஒளியை வைத்துத்தான் டிரைவ் அறிகிறது. கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு குட்டிக் கண்ணாடி அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும். கண்ணாடியிலோ ஒளி உணரியிலோ தூசு படிந்தால் டிரைவுக்குத் துளை தெரியாது, நிற்காது, டேப் கழன்றுவிடும்.

இது நடந்தால் அடுத்த டேப்பைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள், அதுவும் கழன்றுவிடும். ஊதுகுப்பியால் உணரியின் இரு பக்கத்தையும் ஊதி, பஞ்சுக் குச்சியால் துடைத்து, வீணான டேப்பை இருமுறை முனைக்கு முனை ஓட்டிப் பாருங்கள். உருளைக் கூழ் சிதறி உணரியை மூடியிருப்பதும் உண்டு. கழன்ற டேப்பைத் திரும்பச் சுற்ற முடியும்: அடித்தட்டின் திருகுகளைக் கழற்றி, டேப்பின் முனையை லேசாக ஈரமாக்கிச் சக்கரத்தில் சில சுற்று சுற்ற வேண்டும். விரல் படும் இடத்துத் தகவல் போகும். கையுறை போடுங்கள்.

அறிகுறி: டேப் முன்னும் பின்னும் ஓடி ஓடி, பேக்கப் விடியும்வரை முடியவில்லை

முதலில் நியாயமான நேரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். 500 கிலோபிட் என்றால் நொடிக்கு 62.5 கிலோபைட். 120 எம்பி எழுத எந்தக் கணினியிலும் அரை மணிக்குக் குறையாது. பிழை திருத்தும் தகவலையும் சேர்த்தால் இன்னும் சில நிமிடம் கூடும். ஃபார்மட் இன்னும் மோசம். க்யூஐசி-80 டேப்பில் 28 தடங்கள். 307.5 அடியை நொடிக்கு 34 அங்குல வேகத்தில் ஒருமுறை கடக்க ஏறக்குறைய 108 நொடி. 28 தடவை என்றால் ஐம்பது நிமிடம். எழுதியதைச் சரிபார்க்க அதே அளவு நேரம் இன்னொரு முறை. ஆகவே ஒன்றரை மணி நேரம் ஃபார்மட் ஓடினால் அது பழுதல்ல, பொறுமை தேவை என்று பொருள்.

அதற்கு மேல் இழுத்து, ஒவ்வொரு சில நொடிக்கும் டேப் நின்று, பின்னால் போய், மறுபடி முன்னால் வருகிறதென்றால், கணினியால் தொடர்ந்து தகவல் ஊட்ட முடியவில்லை. ஸ்கிரீன் சேவரை நிறுத்துங்கள். வைரஸ் தடுப்பையும் மின் சேமிப்பு அமைப்பையும் நிறுத்துங்கள். ஹார்ட் டிஸ்கைச் சீர்படுத்துங்கள், துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளைத் தேடி எடுப்பதற்குள் டேப் காத்திருந்து அலுத்துவிடும். ஸ்மார்ட் டிரைவ் என்ற டாஸ் கேச் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளில் சுருக்கத்தை "வேகம்" என்ற நிலைக்கு மாற்றுங்கள். 386 கணினி சுருக்கிக்கொண்டே எழுதத் திணறும். டாஸில் வேகமாகவும் விண்டோஸில் மெதுவாகவும் ஓடினால் டாஸிலேயே எடுத்துவிட்டுப் போங்கள், வீம்பு எதற்கு? ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: டாஸ் மென்பொருள் விண்டோஸ் 95இன் நீண்ட கோப்புப் பெயர்களைக் காக்காது.

பாதியில் இரண்டாவது டேப் கேட்டால் அது பழுதே அல்ல. ஜிப் கோப்புகளும் படங்களும் ஏற்கெனவே சுருங்கியவை. 250 என்ற எண்ணை நம்பியவர்களுக்கு அங்கேதான் ஏமாற்றம்.

அறிகுறி: பேக்கப் முடிகிறது, ஒப்பிடும்போது பிழைகள் கொட்டுகின்றன

தலையைத் துடையுங்கள். இதுவே பாதிப் பேருக்கு மருந்து. தரமான ஐசோபுரோபைல், நுரைமுனைக் குச்சி, ஒரே திசையில் துடைப்பு, ரப்பரில் படவிடாதீர்கள். காய்ந்தபின் ரீடென்ஷன் என்ற கட்டளையைக் கொடுங்கள். டேப் முழுவதையும் ஒருமுறை அந்த முனைக்கு ஓட்டித் திரும்பக் கொண்டுவந்து இறுக்கத்தைச் சமன் செய்யும். ஓரிரு நிமிட வேலை. ஏசி அறையிலிருந்து வெக்கைக்கு வந்த டேப் என்றால் ஒரு நாள் அதே அறையில் கிடக்கவிட்டுப் பிறகு முயலுங்கள்.

இன்னும் பிழை என்றால் வேறு டேப். எல்லா டேப்பிலும் பிழை என்றால் டிஎம்ஏ தடுமாற்றம்: மென்பொருளின் அமைப்பில் அதிவேக டிஎம்ஏ என்பதை அணையுங்கள், டர்போ பொத்தான் இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஐஓ அட்டையை மாற்றுங்கள். ஒப்பிடும் வேலையை நேரம் மிச்சமென்று தவிர்ப்பவர்களுக்கு என்னிடம் அனுதாபம் கிடையாது.

அறிகுறி: புது டேப் ஓடுகிறது, பழைய டேப்பை மட்டும் "ஃபார்மட் ஆகாதது" என்கிறது

ஃபார்மட் செய்யவா என்ற கேள்விக்கான பதில் உங்களுக்குத் தெரியும்: வேண்டாம்.

ஒரே அளவுக் கார்ட்ரிட்ஜ் என்பதால் ஒரே வடிவில் எழுதப்பட்டது என்று எண்ண வேண்டாம். இர்வின் டிரைவ்கள் இதே டிசி2000 வகைக் கார்ட்ரிட்ஜில் முற்றிலும் வேறு முறையில் எழுதின. க்யூஐசி-80 டிரைவுக்கு அது வெற்று டேப்பாகத்தான் தெரியும். மாறாக, க்யூஐசி-40 டேப்பை க்யூஐசி-80 டிரைவ் படிக்கும். க்யூஐசி-80 டேப்பை டிஆர்-1 டிரைவ் படிக்கும், எழுதவும் செய்யும். டிஆர்-3 டிரைவ் படிக்க மட்டும் செய்யும். பழைய வகை டிரைவ் புதிய வகை டேப்பைப் படிக்காது.

டேப் தெரிகிறது, உள்ளே பட்டியல் வரவில்லை என்றால் எழுதிய மென்பொருள் வேறு. தரம் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு மென்பொருளும் சுருக்கத்தையும் பட்டியலையும் தன் போக்கில் எழுதியது. பெட்டியின் ஒட்டுச்சீட்டில் ஏதாவது குறித்திருக்கிறார்களா பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் கிடைத்தால் அதிலேயே அந்த மென்பொருள் இன்னும் இருக்கும். டாஸ் 6உடன் வந்த பேக்கப்பைக் கொண்டு முயலாதீர்கள். டேப் அதற்குத் தெரியாது.

லினக்ஸ் பழகியவர்களுக்கு எஃப்டேப் என்ற டிரைவர் இருந்தது. 2.6.20 கெர்னலில் நீக்கிவிட்டார்கள், 2.4 கெர்னல் ஓடும் பழைய வெளியீடு ஒன்றைத் தேடுங்கள். ஒரே நன்மை, மென்பொருள் எதுவென்று தெரியாவிட்டாலும் டேப்பில் உள்ளதை அப்படியே ஒரு கோப்பாக எடுத்துவைத்துக்கொள்ளலாம். எடுத்தபின் டேப்பைத் தேய்க்காமல் நிதானமாக ஆராயலாம்.

அறிகுறி: மீட்டாயிற்று, கோப்பைத் திறந்தால் குப்பை

பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்) காலத்துத் தமிழ் ஆவணம் என்றால் இது பழுதல்ல. அப்போது யூனிகோட் புழக்கத்தில் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவை வைத்த எழுத்துருக்கள்தான். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கல். சிவகாசி அண்ணாச்சிக்கு நெஞ்சே நின்றுவிட்டது. டேப்பின் பட்டியலில் விண்டோஸ் அடைவுக்குள் எழுத்துருக் கோப்புகளையும் குறியிட்டு மீட்டுத் திறந்ததும் முருகனும் மயிலும் தேதிகளோடு எழுந்து நின்றார்கள். ஆவணங்களை மட்டும் மீட்டுவிட்டு டேப்பைத் தூர எறிந்துவிடாதீர்கள்.

எப்போது கையை எடுக்க வேண்டும்

டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை தெரிந்தால், கார்ட்ரிட்ஜை உருட்டும்போது பழுப்புத் தூள் உதிர்ந்தால், டேப் கசங்கினால் அல்லது அறுந்தால், பட்டை டேப்பில் ஒட்டியிருந்தால், அதோடு உள்ளிருப்பது வேறெங்கும் இல்லாத தகவல் என்றால், உங்கள் வேலை முடிந்தது. தகவல் மீட்பு செய்பவரிடம் கொடுங்கள். அதுவும் டேப் வேலை செய்த அனுபவம் உள்ளவரிடம். ஹார்ட் டிஸ்க் மட்டும் பார்ப்பவர் கார்ட்ரிட்ஜைக் கண்டு முழிப்பார். டிரைவ் மட்டும் பழுது, டேப் நல்லது என்றால் இன்னும் அவசரமில்லை. இரண்டாம் கை டிரைவ் ஒன்று வாங்கி உருளை மாற்றிக்கொள்வது அவர் கேட்கும் தொகையைவிடக் குறைவாகவே வரும்.

கொடுப்பதாக முடிவானால் சுற்றியது சுற்றியபடியே இருக்கட்டும். தொடக்கத்துக்கு ஓட்டிக் கொடுக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜையும் தனித்தனி உறையில் போட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காமல், கூடவே ஒரு சீட்டு எழுதுங்கள்: எந்த டிரைவில் எழுதியது, எந்த மென்பொருள், டாஸா விண்டோஸா, எந்த வருடம், நீங்கள் இதுவரை என்னென்ன முயன்றீர்கள். பேக்கப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அதையும். அண்ணாச்சியின் நான்காவது டேப் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. பட்டை ஒட்டவில்லை, பூஞ்சை இல்லை, பட்டியல்கூடத் தெரிகிறது. கடவுச்சொல் போட்ட தட்டச்சாளர் வேலையை விட்டுப்போய் இருபத்தைந்து வருடமாகிறது. அண்ணாச்சி அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.